பேஜ்மேக்கர் ஃபைலில் தொலைந்துபோன தர்மபுரி

சிடிக்குள் இருந்தவை பி65 என்று முடியும் சில ஃபைல்கள், கொஞ்சம் டிஃப் படங்கள், ‘ஃபான்ட்’ என்று பெயர் வைத்த ஒரு ஃபோல்டர். அந்த ஃபோல்டர் காலி. இந்தப் பதிவு இவ்வளவு நீளமாகப் போனதற்கு அந்தக் காலி ஃபோல்டர்தான் காரணம்.

கொண்டுவந்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நடுகல்லுக்குப் பஞ்சமில்லை. ஏரிக்கரையில், மாந்தோப்பு வரப்பில், மாரியம்மன் கோயிலுக்குப் பின்பக்கம் என்று எங்காவது ஒன்று நின்றுகொண்டிருக்கும். ஊர் ஊராகப் போய் அவற்றைப் பார்த்து, கல்லில் இருக்கும் வட்டெழுத்தைப் படித்துக் குறித்து, ஊர்ப் பெரியவர்கள் சொன்ன கதைகளையும் சேர்த்து, 2001இல் சொந்தக் காசில் ஒரு புத்தகம் போட்டவர் அவர். பிரதிகள் எப்போதோ தீர்ந்துவிட்டன. இப்போது இரண்டாம் பதிப்பு வேண்டும், போனில் படிக்கிற மாதிரி ஒரு மின்னூலும் வேண்டும்.

“டைப் அடிச்சதெல்லாம் இதுலயே இருக்குது தம்பி. மறுபடி அடிக்கிற வேலை இருக்காதில்ல?”

“பாத்துட்டுச் சொல்றேன் சார்” என்று வாங்கி வைத்தேன். தர்மபுரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவனுக்கு இந்த மாதிரி சிடி புதிதல்ல. கோயில் மலர், சங்கத்து ஆண்டறிக்கை, கல்யாணப் பத்திரிகை மாதிரி என்று வருடத்துக்கு நாலைந்து வரும். ஆனால் ஒரு முழுப் புத்தகம், அதிலும் எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்க வேண்டிய புத்தகம், இதற்கு முன் வந்ததில்லை.

முதல் வேலை, சிடியில் உள்ளதை அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துவைத்து, அதற்கு இன்னொரு பிரதி போட்டு, முதல் பிரதியை ‘படிக்க மட்டும்’ என்று பூட்டிவிடுவது. ஒரு ஃபைல் ஒரு டிரைவில் பாதியில் நின்றது, வேறு டிரைவில் வந்துவிட்டது. பழைய சிடிகளில் இது சகஜம். லேப்டாப்போடு வரும் மெல்லிய டிரைவில் படிக்காதது, பழைய டெஸ்க்டாப் டிரைவில் பல நேரம் படிக்கும்.

அடுத்தது, ஃபைல் உண்மையிலேயே என்ன என்று பார்ப்பது. பெயரின் வால் பி65 என்று இருப்பதை மட்டும் நம்பக் கூடாது, யாராவது மாற்றிவைத்திருக்கலாம். ஃபைலில் உள்ள பைட்டுகளை அப்படியே எண்ணாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து முதல் நாலு பைட்டைப் பார்த்தால் டி0, சிஎஃப், 11, இ0. இது மைக்ரோசாஃப்டின் ஓஎல்இ கூட்டு ஃபைலின் அடையாளம். சேர்த்துப் படித்தால் ‘டாக்ஃபைல்’ என்று வருகிற மாதிரி குறும்பாக வைத்த எண்கள். பழைய வேர்ட், எக்செல் ஃபைல்களும் இதே நாலு பைட்டில்தான் தொடங்கும். அதனால் வகை கண்டுபிடிக்கும் சில மென்பொருள்கள் இதை வேர்ட் ஃபைல் என்று சொல்லிவிடும். 7-ஜிப்பில் திறந்தால் குழப்பம் தீர்ந்துவிடும். கூட்டு ஃபைலுக்குள் இருக்கும் துண்டுகளை அது பட்டியல் போட்டுக் காட்டும், அதில் ‘பேஜ்மேக்கர்’ என்ற பெயரில் ஒரு துண்டு இருந்தது. சரி, ஆள் அவர்தான்.

பேஜ்மேக்கரை இப்போதைய பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது. 1985இல் ஆல்டஸ் நிறுவனம் மேக்கின்டாஷுக்காகக் கொண்டுவந்த பக்க வடிவமைப்பு மென்பொருள் இது. டிடிபி என்ற தொழிலே இதை வைத்துத்தான் வளர்ந்தது என்று சொல்லலாம். 1994இல் ஆல்டஸை அடோபி வாங்கியது. 1996இல் 6.5 வந்தது, 2001இல் 7. அத்தோடு சரி. அடோபியின் கவனம் இன்டிசைன் என்ற தன் இன்னொரு பக்க வடிவமைப்பு மென்பொருள் பக்கம் போய்விட்டது, 2004இல் பேஜ்மேக்கரை வளர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஃபைலின் வாலை வைத்தே வயதைச் சொல்லலாம்: பிஎம்5 என்றால் ஐந்தாம் பதிப்பு, பிஎம்6 என்றால் ஆறு, பி65 என்றால் 6.5, பிஎம்டி என்றால் ஏழு. நம் ஊர்ப் பக்கம் அச்சகங்களில் 6.5ம் 7ம் அதற்கப்புறமும் வெகுகாலம் ஓடின. சில இடங்களில் இன்றும் ஓடுகின்றன.

திறப்பதற்கு இப்போது மூன்று வழி இருக்கிறது. இன்டிசைன் சிஎஸ்6 வரை பேஜ்மேக்கர் 6, அதற்குப் பிந்தைய ஃபைல்களை நேராகத் திறக்கும், அதற்குப் பின் வந்த சிசி பதிப்புகளில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். லிப்ரேஆஃபீஸ் 2015இல் வந்த 4.4 பதிப்பிலிருந்து பேஜ்மேக்கர் ஃபைலைப் படிக்கும், டிரா என்ற பகுதியில் திறக்கும். மூன்றாவது வழி, பழைய விண்டோஸ் எக்ஸ்பி மெஷினில் பேஜ்மேக்கரையே ஓட்டுவது.

கையில் இருந்த லிப்ரேஆஃபீஸில் முதலில் திறந்தேன். திறந்தது. பக்க அளவு, கட்டங்கள், கோடுகள், எழுத்து இருக்க வேண்டிய இடங்கள் எல்லாம் கிட்டத்தட்ட சரியாக வந்தன. எழுத்துதான் இல்லை. அதாவது, எழுத்து இருந்தது, தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும் பின்சாய்வுக்கோடும் கலந்த கொத்து. டிடிபி வேலை பார்த்தவர்கள் இதைப் பார்த்ததும் சிரிப்பார்கள். சின்ன ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வரிசையாக இருந்தால் அது ‘தமிழ்’. அந்தக் காலத்து டிடிபி கடைகளில் ஓடிய பாமினி என்ற தமிழ் ஃபான்ட்.

இங்கேதான் இந்த வேலையின் உண்மையான பூட்டு இருக்கிறது. பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று வருகிற பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல் பேஜ்மேக்கர் இல்லை, ஃபான்ட். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோட் பரவலாகும் முன் கம்ப்யூட்டருக்குத் தமிழ் எழுத்து என்று ஒன்று கிடையாது. ஒரு எழுத்துக்கு ஒரு பைட், அதாவது மொத்தம் 256 இடம். அந்த இடங்களில் ஆங்கில வடிவத்தை எடுத்துவிட்டுத் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தார்கள். ஃபைலுக்குள் பதிவாவது சின்ன ஜேதான், அதைத் திரையில் ‘த’ என்று காட்டுவது ஃபான்ட். ஃபான்ட் போனால் தமிழும் போச்சு. அதைவிடப் பெரிய தொல்லை, எந்த இடத்தில் எந்த எழுத்து என்பது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு வேறு. பாமினி ஒரு வரிசை, ஸ்ரீலிபி ஒரு வரிசை, அரசு அலுவலகங்களில் ஓடிய வானவில் இன்னொரு வரிசை. இதை ஒழுங்குபடுத்தத்தான் 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு டேம், டேப் என்று இரண்டு குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. 2010இல் யூனிகோடே அரசின் தரம் என்று ஆணை வந்தது. நம்ம சாரின் புத்தகம் இரண்டுக்கும் நடுவில், யார் சொன்னதையும் கேட்காத டிடிபி கடைக் காலத்தில் பிறந்தது.

பாமினியைத் தேடி எடுத்துப் போட்டதும் டிராவில் தமிழ் வந்துவிட்டது. சார் கடையில்தான் இருந்தார். “அவ்ளோதானா?” என்றார். பார்வைக்கு அவ்வளவுதான். அப்படியே பிடிஎஃப் எடுத்து அச்சுக்கு அனுப்பலாம். ஆனால் போனில் படிக்க, தேட, ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப இது உதவாது. உள்ளே இன்னும் சின்ன ஜேதான்.

டிராவில் இன்னொரு சங்கடமும் இருந்தது. நீளமான கட்டுரை ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனிப் பெட்டியாகச் சிதறியிருந்தது. பேஜ்மேக்கரில் ‘ஸ்டோரி’ என்று ஒன்று உண்டு, பக்கம் தாண்டி ஓடினாலும் ஒரே கட்டுரை ஒரே தொடர். அது எனக்கு முழுசாக வேண்டும். அதனால் அச்சக நண்பர் ஒருவர் கட்டிங் மெஷினுக்குப் பக்கத்தில் தூசி படிய வைத்திருந்த எக்ஸ்பி டெஸ்க்டாப்பைத் தேடிப் போனேன். அதில் பேஜ்மேக்கர் 6.5 இருந்தது.

திறந்ததும் ‘பனோஸ்’ என்ற ஒரு பெட்டி வரும். ஃபைலில் இருக்கிற, மெஷினில் இல்லாத ஃபான்ட்டுகளைப் பட்டியல் போட்டு, பதிலுக்கு எதை வைக்கட்டும் என்று கேட்கும். எரிச்சலில் எல்லாரும் ஓகே அடித்து மூடிவிடுகிற பெட்டி இது. எனக்கு இதுதான் புதையல். புத்தகத்தில் எந்தெந்த ஃபான்ட் பயன்பட்டது என்ற கணக்கு வேறெங்கும் இவ்வளவு சுருக்கமாகக் கிடைக்காது. உடலுக்குப் பாமினி, ஆங்கிலத்துக்கும் குறிகளுக்கும் டைம்ஸ், தலைப்புகளுக்கு வேறொரு நிறுவனத்தின் தடித்த எழுத்து. பெட்டியில் ‘தற்காலிகம்’, ‘நிரந்தரம்’ என்று இரண்டு இருக்கும். தற்காலிகத்தையே வைக்க வேண்டும். நிரந்தரத்தைக் கொடுத்துச் சேமித்தால் மூல ஃபான்ட்டின் பெயரே ஃபைலிலிருந்து அழிந்துவிடும்.

அப்புறம் அதே மெஷினில் பாமினியைப் போட்டு, எல்லாப் பக்கத்தையும் பிரின்டருக்குப் போகும் போஸ்ட்ஸ்கிரிப்ட் ஃபைலாக ‘பிரின்ட்’ செய்து, கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருளில் பிடிஎஃப் ஆக்கிக்கொண்டேன். பின்னால் மாற்றிய எழுத்தை ஒப்பிட இதுதான் சாட்சி.

எழுத்தை வெளியே எடுக்க, எழுத்துக் கருவியால் ஸ்டோரிக்குள் ஒரு சொடுக்கு, பின் ஃபைல் மெனுவில் ஏற்றுமதி. அங்கே வெறும் எழுத்தாகவும் எடுக்கலாம், வடிவமைப்பு விவரத்தையும் சேர்த்து வைக்கும் ஆர்டிஎஃப் ஆகவும் எடுக்கலாம். அவசரக்காரர்கள் வெறும் எழுத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். இந்தப் புத்தகத்தில் அப்படி எடுத்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஏன் என்று சொல்கிறேன்.

நடுகல்லில் ‘தொறு மீட்டுப் பட்டான் கல்’ என்ற மாதிரி வரும். மாடு மீட்கப் போய் இறந்தவனின் கல். கல்லில் சிதைந்த எழுத்தை ஊகித்துப் படித்தால் அதைச் சதுர அடைப்புக்குள் போடுவது கல்வெட்டு படிப்பவர்களின் வழக்கம்: பட்டா[ன்] கல். பாமினியில் சதுர அடைப்பின் இடப்பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஜ’ உட்கார்ந்திருக்கிறது, வலப்பக்கத்தில் ‘ஸ’. அதனால் அன்றைக்குத் தட்டச்சு செய்த பெண் ஒவ்வோர் அடைப்புக்கும் டைம்ஸுக்கு மாறி, போட்டுவிட்டு, மறுபடி பாமினிக்கு வந்திருக்கிறார். அந்தப் பொறுமைக்கு ஒரு கும்பிடு. வெறும் எழுத்தாக எடுத்தால் எது டைம்ஸ், எது பாமினி என்ற தகவல் தொலைந்துவிடும். மாற்றி முடித்ததும் அந்த வரி ‘பட்டாஜன்ஸ கல்’ என்று வந்து நிற்கும். ஆங்கிலத்தில் ஓ, எஃப் என்று இரண்டு எழுத்து இருந்தால் ‘ழக’ ஆகிவிடும். காற்புள்ளி விசையில் பாமினி வைத்திருப்பது ‘இ’, எனவே ஆங்கில மேற்கோள்களில் காற்புள்ளி வரும் இடமெல்லாம் ‘இ’ முளைக்கும். ஆர்டிஎஃப்பில் ஒவ்வொரு துண்டு எழுத்தோடும் ஃபான்ட்டின் பெயர் ஒட்டியே வரும். பாமினி என்று இருப்பதை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே என்று சொல்லிவிடலாம்.

ஆர்டிஎஃப்பை நோட்பேடில் திறந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த வடிவத்தில் பின்சாய்வுக்கோடு கட்டளைக்கான குறி. எழுத்தாக ஒரு பின்சாய்வுக்கோடு வேண்டுமென்றால் இரண்டாக எழுதுவார்கள். பாமினியில் பின்சாய்வுக்கோடுதான் ‘ஷ’. ஆகக் கிருஷ்ணகிரி வரும் இடமெல்லாம் உள்ளே இரட்டைக் கோடு இருக்கும். கையால் வெட்டி ஒட்டி மாற்றினால் கிருஷஷ்ணகிரிகளும் இன்னும் விநோதமானவைகளும் கிடைக்கும். நான் ஆர்டிஎஃப்பை லிப்ரேஆஃபீஸ் ரைட்டரில் திறந்து டாக்எக்ஸ் ஆகச் சேமித்து, அதிலிருந்து வேலை பார்த்தேன். இந்தக் கோடுகளை அது தானே கவனித்துக்கொண்டது. வேர்டில் திறந்து அங்கேயே திருத்தம் செய்யும் ஆசை வந்தால் தானியங்கித் திருத்தத்தை முதலில் அணைத்துவிடுங்கள். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்குகிறேன் என்று சின்ன ஜேயைப் பெரிய ஜே ஆக்கும். பாமினியில் சின்ன ஜே ‘த’, பெரிய ஜே ‘து’.

மாற்றுவதற்குக் கருவிகள் இருக்கின்றன. என்எச்எம் கன்வர்ட்டர் பல வருடங்களாகப் பலர் கையில் இருப்பது, பாமினி உட்படப் பல குறியீடுகளைத் தெரியும். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்திலும் இந்த மாற்று அட்டவணைகள் இருக்கின்றன. எனக்கு ஃபான்ட் பார்த்து மாற்ற வேண்டியிருந்ததால், பைத்தானில் டாக்எக்ஸைத் துண்டு துண்டாகப் படித்து, பாமினித் துண்டுகளை மட்டும் அட்டவணைக்குள் விடும் சின்ன நிரல் எழுதினேன். துண்டு துண்டாகப் படிப்பதில் ஒரு கண்ணி உண்டு. ஏதோ ஒரு காரணத்தால் கொம்பு ஒரு துண்டிலும் அதற்குரிய மெய் அடுத்த துண்டிலும் இருக்கும். தனித்தனியாக மாற்றினால் கொம்பு அந்தரத்தில் நிற்கும். ஒரே ஃபான்ட்டில் அடுத்தடுத்து வரும் துண்டுகளை முதலில் ஒன்றாக்கிவிட்டு மாற்ற வேண்டும்.

கொம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாமினியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் பதிவாகும்: ‘கோ’ என்றால் இரட்டைக் கொம்பு, க, கால். யூனிகோடில் க முதலில், ஓகாரக் குறி அடுத்து. எனவே மாற்றும்போது மூன்று குறிகள் சேர்ந்தவற்றை முதலில் பிடித்து மாற்றி, பிறகு இரண்டு, கடைசியில் ஒற்றை என்று போவார்கள். கேட்கும்போது மிகச் சரியாக இருக்கிறது. நானும் அப்படித்தான் ஓட்டிப் பார்த்தேன். திரையில் பக்கம் பக்கமாக அழகான தமிழ். பிறகு சோதனைக்காக ‘தர்மபுரி’ என்று தேடினேன்.

ஒன்று கூட இல்லை. முதல் பக்கத்தில் புத்தகத்தின் முகவரியிலேயே தர்மபுரி கண்ணுக்கு எதிரே நிற்கிறது, தேடினால் இல்லை என்கிறது.

பெரிதாக்கிப் பார்த்தால் விஷயம் தெரிந்தது. அங்கே இருந்தது ‘தா்மபுாி’. ரகரத்தின் மேல் புள்ளி இல்லை, காலின் மேல் புள்ளி. ரகரத்துக்கு ‘இ’ விசிறி இல்லை, காலுக்கு விசிறி. பழைய அச்சில் ர், ரி, ரீ மூன்றுக்கும் அடியில் சாய்ந்து வரும் சிறு கோடு இருக்காது, துணைக்காலின் மேல் புள்ளியோ விசிறியோ வைத்த மாதிரியே இருக்கும். தமிழ்த் தட்டச்சுப் பொறியில் பழகியவர்களின் விரல் ர் என்றதும் கால் விசையைத் தட்டி, அப்புறம் புள்ளியைத் தட்டும். பாமினி அந்தப் பொறியின் விசை வரிசையை அப்படியே எடுத்துக்கொண்ட ஃபான்ட். தட்டச்சில் லோயர், ஹையர் தேர்வு முடித்த கைகள் அத்தனையும் இப்படித்தான் அடித்திருக்கின்றன. காகிதத்தில் அது முழுக்கச் சரி. யூனிகோடில் காலுக்கும் ரகரத்துக்கும் வேறு வேறு எண்.

இந்த இரண்டு மாவட்டத்துக்கும் இதைவிட மோசமான பிழை கிடைத்திருக்க முடியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் ரி. அரூர், ஓசூர், பர்கூர், தொப்பூர், மொரப்பூர் என்று ர்-இல் முடியும் ஊர்கள். காரிமங்கலம், சூளகிரி, காவேரிப்பட்டணம் என்று ரி-க்கள். புத்தகத்தில் உள்ள ஊர்ப் பெயர்களில் பெரும்பகுதி தேடலுக்குக் கிடைக்காது. ஊர்ப் பெயர் வைத்துத் தேட முடியாத நடுகல் புத்தகத்தை யார் என்ன செய்வது?

காலும் புள்ளியும் அடுத்தடுத்து வந்தால் ர் என்று மாற்று என்று கடைசியில் ஒரு விதி போட்டால் தர்மபுரி சரியாகிவிடும். அதோடு விடக் கூடாது. ‘பெரிய’ என்பதைப் பாருங்கள். அடித்த வரிசை: கொம்பு, ப, கால், விசிறி, ய. நிரல் மூன்று குறி விதியை முதலில் ஓட்டுகிறது, கொம்பும் பகரமும் காலும் சேர்ந்து ‘பொ’ ஆகிவிடுகிறது. மிச்சம் விசிறி. வருவது ‘பொிய’. இதே மாதிரி ‘சேர்ந்த’ என்பது ‘சோ்ந்த’ ஆகும், காவேரிப்பட்டணம் ‘காவோிப்பட்டணம்’ ஆகும். திரையில் பார்த்தால் பல ஃபான்ட்டுகளில் வித்தியாசமே தெரியாது. இணையத்தில் செய்திகளிலும் அறிவிப்புகளிலும் ‘பொிய’, ‘சோ்ந்த’, ‘அவா்கள்’ எல்லாம் இன்றைக்கும் தாராளமாக உலவுவதன் ரகசியம் இதுதான். பழைய ஃபைலை மாற்றியதாகவும் இருக்கலாம், யூனிகோட் வந்த பிறகும் தட்டச்சுப் பொறிப் பழக்கத்தில் காலைத் தட்டுகிற கையாகவும் இருக்கலாம்.

தீர்வு வரிசையில் இருக்கிறது. கால்-புள்ளி, கால்-விசிறி, கால்-நெடில்விசிறி என்ற மூன்று இணைகளையும் எல்லாவற்றுக்கும் முன்னால், பாமினி வடிவிலேயே, ரகரமாக்கிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் மூன்று குறி விதிகள். இதில் தயங்க ஒன்றுமில்லை. துணைக்காலுக்குப் பின் புள்ளியோ விசிறியோ வருகிற சொல் தமிழில் கிடையாது, அதனால் தவறாக மாற வாய்ப்பே இல்லை. ஏற்கெனவே மாற்றிக் கெட்டுப்போன ஃபைல் மட்டும் கையில் இருந்தால் பின்னோக்கியும் சரிசெய்யலாம்: ஒகரக் குறிக்குப் பின் புள்ளி இருந்தால் அது எகரமும் ர்-உம், ஓகாரக் குறிக்குப் பின் விசிறி இருந்தால் அது ஏகாரமும் ரி-யும்.

இப்படிக் கெடாத விதி ஔகாரத்துக்கு இல்லை. பாமினியில் ‘கௌ’ என்பது கொம்பு, க, ள. ‘கெள’ என்பதும் கொம்பு, க, ள. இரண்டுக்கும் பைட் ஒன்றே. கௌரி, மௌனம், பௌர்ணமி, வௌவால் எல்லாம் கெளரி, மெளனம் என்று வரும். எல்லா ‘ெள’வையும் ‘ௌ’ ஆக்கினால் வெள்ளி, தெளிவு எல்லாம் நாசம். ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் அது ளகரமே என்று ஒதுக்கிவிட்டால் மிச்சம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைக் கண்ணால் பார்த்தேன். இதையும் நிரலுக்கே விட்டிருக்கலாமே என்று தோன்றும். ஆனால் ஊர்க்காரர்கள் பேச்சை அப்படியே பதிந்த பகுதியில் ‘வெளக்கு’ என்று ஓரிடத்தில் இருந்தது. நிரல் அதை ‘வௌக்கு’ ஆக்கியிருக்கும்.

மாற்றிய எழுத்தைப் படித்துப் பார்த்துத் திருத்துவது தனி வேலை. அதற்கு முன் இயந்திரத்திடமே கேட்கக்கூடிய கேள்விகள் சில உண்டு. சொல்லின் முதலிலேயே உயிர்க்குறி நிற்கிறதா? இரண்டு உயிர்க்குறிகள் அடுத்தடுத்து வருகின்றனவா? உயிர்க்குறிக்குப் பின் புள்ளி வருகிறதா? பாமினியாக இருந்த இடத்தில் ஆங்கில எழுத்து ஏதாவது மிச்சம் இருக்கிறதா? தமிழில் வரவே முடியாத இந்தச் சேர்க்கைகளைத் தேடினால், சாதாரணமாகக் கண்ணில் படாதவை வரிசையாக வந்து நிற்கும். பிறகு முழு ஃபைலையும் யூனிகோட் சீராக்கத்தில் ஒரு முறை விட்டேன். ‘கொ’வை ஒற்றை ஒகரக் குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். யூனிகோட் இரண்டையும் ஒன்றாகவே கருதச் சொல்கிறது, எல்லா மென்பொருளும் கேட்பதில்லை. சீராக்கினால் ஒரே வடிவமாகிவிடும்.

‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்று தொடங்கும் பிற்காலக் கல்வெட்டுகளும் புத்தகத்தில் சில இருந்தன. ‘ஸ்ரீ’க்கு யூனிகோடில் இரண்டு எழுத்துக்கூட்டு புழக்கத்தில் இருக்கிறது. ஒன்று ஸ-வில் தொடங்கும், இன்னொன்று 2005இல் சேர்த்த ஶ-வில் தொடங்கும். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு புத்தகம் முழுக்க அதையே பின்பற்றினால் போதும். நான் ஸ-வை வைத்தேன்.

தலைப்பு ஃபான்ட்டுக்கு அட்டவணை தேடி மெனக்கெடவில்லை. தலைப்புகள் குறைவு, சாரிடம் இருந்த பழைய அச்சுப் பிரதியைப் பார்த்து நேரடியாக அடித்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் நிரல் எழுதுகிற ஆசையை அடக்கத் தெரிய வேண்டும்.

படங்கள் வேறு கதை. பேஜ்மேக்கரில் படம் வைக்கும்போது அது 256 கேபிக்கு மேல் இருந்தால், முழுப் படத்தையும் ஃபைலுக்குள் சேர்க்கட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்றால் இணைப்பு மட்டும் இருக்கும், பக்கத்தில் தெரிவது மங்கலான முன்தோற்றம். அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க்குக்கு எல்லாரும் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். இணைப்புகள் பட்டியலைத் திறந்தால் பாதிப் படங்கள் என்றைக்கோ காயலான் கடைக்குப் போன ஒரு மெஷினின் டி டிரைவைக் காட்டின. சிடியில் இருந்த டிஃப்கள் மீதிப் பாதி. “நெகட்டிவ் வீட்டுல இருக்குது தம்பி, பிஸ்கட் டப்பாவுல” என்றார் சார். இது தெரிந்திருந்தால் முதலிலேயே கேட்டிருப்பேன். நெகட்டிவிலிருந்து ஸ்கேன் செய்தவை சிடியில் இருந்த டிஃப்களைவிடவே தெளிவாக இருந்தன. கல்லில் வீரனின் கையில் இருக்கும் வில் இப்போதுதான் ஒழுங்காகத் தெரிகிறது.

மெய்ப்புப் பார்க்கும்போது சாருக்கும் எனக்கும் ஒரே ஒரு இடத்தில் வாக்குவாதம். புத்தகத்தில் ‘தர்மபுரி மாவட்டம், ஊத்தங்கரை வட்டம்’ என்று இருக்கிறது. எழுதிய வருடத்தில் அது சரி. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். “மாத்திடு, படிக்கிறவங்க குழம்புவாங்க” என்றார் அவர். நான், மூலத்தை அப்படியே விட்டுக் கீழே அடிக்குறிப்புப் போடலாம், இல்லையென்றால் முதல் பதிப்பைப் பார்த்து மேற்கோள் காட்டியவர்களுக்கு இது பொருந்தாமல் போகும் என்றேன். கடைசியில் அடிக்குறிப்புதான் நின்றது. ஆனால் ஊர்ப் பெயர் அட்டவணையில் மட்டும் இன்றைய மாவட்டம், வட்டம் இரண்டையும் சேர்க்கச் சொன்னார். அது நல்ல யோசனை, தேடுகிறவர்கள் இன்றைய பெயரைத்தான் போடுவார்கள்.

வரி ஓரத்தில் பொருந்தட்டும் என்று அன்றைக்குச் சொற்களுக்கு நடுவே கையால் விட்ட இடைவெளிகளைத்தான் எந்த விதியாலும் பிடிக்க முடியவில்லை. ‘தேன்கனிக் கோட்டை’, ‘பாப்பி ரெட்டிப்பட்டி’ என்று பிரிந்து நிற்கும். ஊர்ப் பெயர்களை ஒரு பட்டியலாக்கி அவற்றை மட்டும் ஒட்டவைத்தேன். மற்றவற்றை சார் அச்சடித்த பழைய பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் குறித்துத் தருகிறார். பாதி வந்திருக்கிறது.

இப்போது சாரின் பென்டிரைவில் பூட்டிய பி65 ஃபைல்கள், அவற்றின் பிடிஎஃப், ஆர்டிஎஃப், மாற்றிய யூனிகோட் டாக்எக்ஸ், மின்னூலுக்கான ஈபப் எல்லாம் இருக்கின்றன. கூடவே மாற்று அட்டவணையை ஒரு சாதாரண எழுத்து ஃபைலாக வைத்திருக்கிறேன். ‘ஃபான்ட்’ ஃபோல்டரில் பாமினியும் தலைப்பு ஃபான்ட்டும் இருக்கின்றன. தலைப்பு ஃபான்ட் அந்த எக்ஸ்பி மெஷினில் நிறுவாமல் கிடந்தது, பின்னால் வேறொரு வேலைக்காக ஃபைல்கள் எடுத்தபோது அகப்பட்டது. சிவப்புப் பேனாவின் மீதிப் பக்கங்கள் வந்ததும் இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகும்.